ஃபிளானல் நாலு மீட்டர்

கடைப்பெண் துணியைப் பலகைமேல் விரித்து, பாட்டில் மூடியால் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு நின்றது.

"புதுத்துணிங்க, கஞ்சி இருக்கும். நாலு தடவ துவைச்சிட்டுத் தைங்க. அப்பறம் நல்லா உறிஞ்சும்."

மேகலா ஃபிளானலைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. மாசி அறுவடையில் மெஷின் மேலிருந்து வழுக்கி விழுந்த அவள் கணவன் நாகநாதன், இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தான். முதுகில் அடி, எழுந்துவிடுவார் என்று ஊரில் சொல்லிவைத்திருந்தாள். சிறுநீர் அடக்க முடியாததைச் சொல்லவில்லை. மருந்துக்கடை டயாபர் வெக்கையில் ஒட்டி இடுப்பெல்லாம் புண். நேற்று பிரித்தபோது தோலும் கூடவே வந்தது. அவன் சத்தம் போடாமல் தலையணையைக் கடித்துக்கொண்டான். ஆகவே உடம்பில் படும் பக்கம் ஃபிளானல், நடுவில் இரண்டு மடிப்பு டவல் துணி, வெளியே முரட்டுக் காடாத் துணி. பிளாஸ்டிக்கே வேண்டாம், கட்டிலில் ரப்பர் ஷீட் போட்டுக்கொள்ளலாம் என்று நீடாமங்கலம் வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டிருந்தாள்.

"எத்தன மாசக் கொழந்தைக்குங்க?" என்றாள் கடைப்பெண்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சுந்தரி ஜாக்கெட் துணியோடு உள்ளே வந்தாள். அவள் காதிலும் விழுந்துவிட்டது. இருவரும் மேகலாவைப் பார்த்தார்கள்.

"இனிமேதான்" என்றாள் மேகலா.

சுந்தரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மேகலாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. "அடிப்பாவி, எங்கிட்டகூட சொல்லலியே" என்றபோது சுந்தரிக்குக் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேகலா நாலு மீட்டர் வெட்டச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை சுந்தரி நாலு மாதுளம்பழத்தோடு வந்தாள். மேகலா தையல் மெஷினை விட்டு எழுந்து வாசலிலேயே மறிக்கப் பார்த்தாள். சுந்தரி அதற்குள் கட்டிலருகே போயிருந்தாள்.

"தம்பி, நல்ல சேதி கேட்டேன். எத்தன மாசக் கொழந்தைக்குத் துணின்னு கடையில கேட்டதுக்கு, இனிமேதான்ங்குறா. படுத்திருக்குற நேரத்துல சாமி கண்ணத் தொறந்திருக்கு."

நாகநாதன் சுந்தரியைப் பார்த்தான். பிறகு மெஷினில் பாதி தைத்துத் தொங்கிய அகலமான துணியை. பிறகு மேகலாவை. அவள் தரையைப் பார்த்தாள்.

"கொழந்தைக்கு இல்லக்கா" என்றான். "எனக்கு. ஒண்ணுக்கு வர்றது தெரிய மாட்டேங்குது. அதுக்குத்தான் தைக்கிறா."

சுந்தரி பழங்களை மெஷின் பலகையில் வைத்துவிட்டு, "வர்றேன் தம்பி" என்று போனாள்.

அவனுடைய மானத்தைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னதாக இரண்டு நாளாக மேகலா தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்.

"என்னைய திட்டுங்களேன்" என்றாள்.

"எதுக்கு?" அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "இனிமேதான்னு சொன்னப்ப, ஒனக்கு எப்டி இருந்துச்சு?" என்று கேட்டான்.

சொன்ன அந்த ஒரு நொடி இனித்தது அவளுக்குத் தெரியும். மெஷின் பலகையிலிருந்த பழங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அவன் நனைக்கும் துணிகளைத் துவைத்து, யார் கண்ணிலும் படாமல் இதுவரை மாட்டுக்கொட்டகைக்குள்தான் காயப்போட்டு வந்தாள். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் கொடிக்குப் போனாள். முதல் துணியை உதறி விரித்தாள். மன்னார்குடி பஸ் வேகத்தைக் குறைத்துத் தெருமுனை திரும்பியது. ஜன்னலோர முகங்கள் இந்தப் பக்கம் பார்த்தன. ஈரத்துணிக்குப் பின்னால் முகம் மறைய நின்று, அவள் இரண்டாவது துணிக்குக் குனிந்தாள்.