பம்புத் தண்ணீர்

"பொண்ணு வாயத் தொறந்து சிரிக்கட்டும்," என்றாள் பொம்மிடியிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய். கண்ணம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாகச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தும் பல்லின் காவிக்கறை போகவில்லை.

"இது தாய் வழிக் கறைங்க. பேரப் புள்ளைங்களுக்கும் வரும்." காபியைத் தொடாமல் அந்தம்மாள் எழுந்து போனாள். மூன்றாவது இடமும் இப்படியே போயிற்று. இந்தப் பக்கத்தில் பெண்ணின் பல்லில் கறை இருந்தால் பெற்றவள் வம்சத்தின் மேல்தான் பழி. பையனுக்கு இருந்தால் பீடிக்கறை என்று சிரித்துவிட்டுப் போவார்கள். என்ன நியாயமோ!

"உன் வம்சம் வெளங்குனது போதும்டி," என்று கண்ணம்மாளின் அப்பன் மாது, பெண்டாட்டி ராமக்காள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தபோதே வாசலில் ஜீப் வந்து நின்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் தெருவில் அத்தனை பேர் பல்லையும் பார்த்து, பம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போன அதே ஆராய்ச்சிக்காரர்கள்.

"பாப்பா, ஆ காட்டு." கண்ணம்மாளின் தங்கை ராணியின் முன்னால் டார்ச்சோடு குனிந்தார், வந்தவர்களில் ஒருவரான நசீருதீன்.

ராமக்காள் குறுக்கே வந்தாள். "அப்பவே பாத்தீங்களே, என்னா கண்டீங்க?"

"அடிபம்புத் தண்ணியில புளோரைடு அதிகம்மா. சின்ன வயசுல குடிச்சா, மொளைக்கிற பல்லு கறையாத்தான் வரும். கோயில் கெணத்துத் தண்ணி நல்லது. எல்லாம் ரிப்போர்ட்ல இருக்குதே."

"அது எங்க இருக்குது?"

"மெட்ராஸ் ஆபீஸ்ல. இங்கிலீஷ்ல."

"தண்ணி குடிக்கிறவ நானு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தெருவுல சொல்லச் சொல்லி எங்களுக்கு உத்தரவு இல்லீங்க."

கோயில் கிணறு, பம்பு வந்ததும் ஊரே கைவிட்ட கிணறு. முதல் ஜீப் வந்தபோது ராணிக்கு இரண்டு வயது. இப்போது பால்பல் விழுந்து முன்பல் இரண்டு முளைத்திருந்தன. இரண்டிலும் காவிக்கோடு.

அவள் மகளின் வாயைக் கையால் பொத்தினாள். "நாங்க என்னா சந்தை மாடா, பல்லப் புடிச்சுப் பாத்துட்டுப் போறதுக்கு? இதத் தெரு நடுவுல நின்னு சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லம்மா."

"அப்ப நான் சொல்றேன்."

ஒரு கட்டு வேலிமுள்ளை வெட்டிவந்து பம்பின் மேல் போட்டாள். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மாது தலை நிமிரவில்லை. அன்று அந்தத் தெருவில் ஒருவரும் பல்லைக் காட்டவில்லை. பெண்கள் குடத்தோடு கோயில் கிணற்றுக்கு நடந்தார்கள்.

ஜீப்பில் உட்கார்ந்து நசீருதீன் படிவத்தை நிரப்பினார். ஒத்துழைக்காததற்குக் காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'மக்களுக்குச் சுகாதார விழிப்புணர்வு இல்லை.'