வறட்டு இருமல்

மத்தியானம் மருந்தியல் பரீட்சை. வருஷம் முழுக்கத் தலையணைக்கு உயரம் கொடுத்துவந்த புத்தகத்தை மகள் அன்று காலையில்தான் ஒழுங்காகத் திறந்தாள்.

அடுத்த அறையில் அப்பா இருமிக்கொண்டே இருந்தார். ஆறு மாதமாக இதே இருமல். எல்லாம் ஃபேன் காற்றால் வருவது என்று அம்மா ஃபேனை நிறுத்திவைத்ததில், வீட்டில் மூன்று பேருக்கும் வேர்த்ததுதான் மிச்சம்.

"அப்பா, உயிர வாங்காதீங்க. நீங்க ஒரு தடவ இருமினா எனக்கு ரெண்டு மருந்து மறந்துபோகுது."

"நான் என்ன, வேணும்னா இருமறேன்?"

அவரோடு பேசிப் பயனில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, இருமலை அமுக்கும்படி சத்தம் போட்டு உருப்போட ஆரம்பித்தாள். "ரத்தக்கொதிப்பு மாத்திரை, எனலாப்ரில். பக்கவிளைவு, வறட்டு இருமல். எனலாப்ரில், வறட்டு இருமல்."

நிமிர்ந்தபோது அப்பா அறை வாசலில் நின்றார். கையில் தினமும் அவர் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டை.

"ஏம்மா, நீ சொல்ற பேருதானே இதுல போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தாள். எழுத்துக்கு எழுத்து அதே பெயர்.

"ஆமாம்ப்பா."

"அப்ப என் இருமல்?"

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நாலு பாடம் பாக்கி.

"நோயாளியப் பாக்கறதெல்லாம் அடுத்த வருஷப் பாடம்ப்பா," என்று அட்டையை அவர் கையிலேயே கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

வெளியே அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, மகள் படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்று, துண்டுக்குள் இருமும் சத்தம்.