மூன்றாம் வீட்டுக் கண்வலிக் கொடி

பெரியநாயக்கன்பாளையத்தில் ராசாத்தாளுக்கு லைன் வீடுகள் ஆறு. மூன்றாவதில் பத்மாவதி குடியிருந்தாள். கணவன் தனபால் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டினான். ஒரே அறை, ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, ஓட்டைப் பக்கெட்டில் அவள் நட்ட கண்வலிக்கிழங்குக் கொடி கம்பிகளைப் பற்றி ஏறி, ஐப்பசி மழைக்கு மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துத் தள்ளியது. மூலனூரில் அவள் அண்ணன் விதைக்காகப் பயிரிட்டிருந்த காட்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த கிழங்கு.

முன்வீட்டு ராசாத்தாள் பூவைப் பார்க்க வந்தபோது இடுப்பில் அவளுடைய வெள்ளைப் பூனை இருந்தது.

"ஏனம்மணி, இது எதக் கண்டாலும் கடிக்கும். இந்தச் செடியில வாய வெச்சா ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாதுங்கக்கா."

அந்தக் கிழங்கு விஷம் என்று மூலனூர்ப் பக்கம் தெரியாதவர்கள் இல்லை. பத்மாவதிக்கும் தெரியும். சொன்னால் பிடுங்கி எறியச் சொல்வாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கார்த்திகையில் ஒரு காலை பக்கெட் மண் பறிபட்டுக் கிடந்தது. கிழங்கில் பல் பதிந்த தடம். மத்தியானமே பூனை வாந்தியெடுத்தது. கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "ஏதோ வெசத்தைத் தின்னிருக்குதுங்க" என்றார். மூன்றாம் நாள் செத்துப்போனது.

ராசாத்தாளுக்குச் சந்தேகமே இல்லை. கடைசி வீட்டுச் சின்னாத்தாள் கருவாடு விற்கிறவள். கூடையில் வாய் வைக்க வந்த பூனையைப் பலமுறை விளக்குமாற்றால் விரட்டியிருக்கிறாள்.

"எலிமருந்து வெச்சுக் கொன்னுபோட்டு நிக்கறதப் பாரு! ஞாயித்துக்கெழமைக்குள்ள ஊட்டக் காலி பண்ணு!" என்று குழாயடியில் எல்லார் முன்னாலும் கத்தினாள்.

"நா வெக்கலீங்க, சாமி சத்தியமா வெக்கலீங்க" என்று சின்னாத்தாள் அழுதாள். பத்மாவதி நிரம்பி வழிந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தனபாலிடம் கிழங்கைப் பற்றிச் சொன்னபோது அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "பேசாம இரு. வாயத் தொறந்தீன்னா நம்ம சாமான்தான் ரோட்டுக்கு வரும்."

கொடியைப் பிடுங்கினால் ஏன் என்று கேட்பார்கள். ஜன்னலைத் திறந்தால் பூ முகத்துக்கு நேராக நின்றது. சாத்தினால் ஸ்டவ் புகையில் மூச்சு முட்டியது. குழாயடியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போனாள். அப்போதும் கடைசி வீட்டில் பாத்திரம் கட்டும் சத்தம் கேட்டது.

ஞாயிறு காலை டெம்போ வந்து நின்றது. சின்னாத்தாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் பத்மாவதிக்கு உள்ளே நிற்க முடியவில்லை. நேராக ராசாத்தாள் முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, பூனை நா நட்ட செடிக்கெழங்கக் கடிச்சுத்தான் செத்துதுங்க. வெசம்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க கேட்டப்ப பொய் சொல்லிப்போட்டேன்."

ஆறு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராசாத்தாளின் முகம் கறுத்தது. "மொதல்ல அதப் புடுங்கி எறி" என்றாள். பிறகு சின்னாத்தாளைப் பார்க்காமலே, "சாமான எறக்கிக்கச் சொல்லு" என்றாள்.

சின்னாத்தாள் இறக்கவில்லை. அடுப்பை டெம்போவில் வைத்துவிட்டு பத்மாவதியிடம் வந்தாள்.

"எப்பத் தெரியும் கண்ணு?"

"அன்னைக்கேங்கக்கா."

"நான் கொழாயடியில நின்னு அழுதப்பவும்?"

பத்மாவதியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. சின்னாத்தாள் கூடைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். டெம்போ மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்பிப் போய்விட்டது.

சாயங்காலம் தனபால் ராசாத்தாளைப் பார்த்துவிட்டு வந்தான். "நம்மளக் காலி பண்ணச் சொல்லலை. பொழச்சோம்."

"சொல்லியிருந்தாத் தேவலைங்க" என்றாள் பத்மாவதி.

அவன் கை கழுவப் போய்விட்டான்.