லாட்ஜுக்கு வந்த விருந்தாளி

பெரிய மதத் தலைவர் ஊருக்கு வருகிறார் என்றதும் லாட்ஜ் முதலாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவருக்கு வண்ணம் அடித்தார், கட்டில்களுக்குப் புது விரிப்பு வாங்கினார், அறை வாடகையை நான்கு மடங்காக்கினார். ஊருக்குள் லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கியது. லாட்ஜுக்குள் மட்டும் ஒரு ஈ காக்கைகூட நுழையவில்லை.

குழம்பிப்போய் மாலையில் வீட்டுக்கு வந்தால், வாசலில் செருப்புக் குவியல். மனைவியின் தம்பி தன் பெண்டாட்டி பிள்ளைகள், மாமனார் மாமியார் சகிதம் கூடத்தை அடைத்து உட்கார்ந்திருந்தான்.

"வாங்க அத்தான்! இந்த ஊர் லாட்ஜ் வாடகையைக் கேட்டா தலை சுத்துது. பகல் கொள்ளை! உங்களைச் சொல்லல. அதான், வந்தவங்க எல்லாருமே சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டாங்க."

முதலாளிக்குச் சுருக்கென்றது. "நம்ம லாட்ஜ் காலியாத்தான் கிடக்கு. காசே வேணாம், எல்லாரும் அங்க போய்ப் படுங்க."

"அங்க அக்கா சமையல் கிடைக்குமா, அத்தான்?"

அந்த அக்கா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராதவள். கரண்டியைத் தம்பி கையில் திணித்தாள். கணவரிடமிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கினாள்.

"காலியாத்தானே கிடக்கு? நான் போய்ப் படுக்கறேன். இந்தக் கூட்டம் கலையற வரைக்கும் யாரும் என்னைத் தேடாதீங்க."

மறுநாள் மச்சான் சமைத்ததை ஒரு வாய் வைத்துப் பார்த்த முதலாளி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மனைவி இருந்த லாட்ஜுக்கே கிளம்பிப் போனார்.