அண்ணியின் குடல்வால்

ஆஸ்பத்திரி வாசலில் நின்ற காவலாளி அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். படத்தில் இருந்தது அண்ணி. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததால் முகம் பாதிதான் தெரிந்தது. போ என்று தலையசைத்தான்.

அண்ணிக்கு இந்த நாட்டில் தங்க உரிமை உண்டு. எனக்கும் அக்காவுக்கும் வேலை அனுமதி எப்போதோ முடிந்துவிட்டது. அட்டை இல்லாதவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் குடியேற்ற அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று புது உத்தரவு. சலவை ஆலையில் எங்களோடு விரிப்பு மடித்த ஒருத்தி காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனாள். அங்கிருந்தே விமானம் ஏற்றிவிட்டார்கள். அதனால் அக்கா காலையிலிருந்து விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டே வலியை விழுங்கினாள். உட்கார்ந்தவளால் எழ முடியாமல் போன பிறகுதான் நான் அண்ணியிடம் போய் நின்றேன்.

அவர்கள் இருவரும் பாம்பும் கீரியும். அட்டையை நீட்டும்போதுகூட, "உங்கக்காகிட்ட சொல்லு, என் பேரைக் கெடுத்துட்டு வர வேணாம்னு" என்றாள் அண்ணி.

வந்து சொன்னதும், அந்த வலியிலும் அக்கா விடவில்லை. "கெடுக்கிறதுக்கு அதுல என்ன மிச்சம் இருக்காம்?"

உள்ளே நர்ஸ் அட்டை எண்ணைக் கணினியில் தட்டினாள். அதற்குப் பிறகு கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எங்கம்மா வலி?"

"வலது பக்கம். கீழ."

"வாந்தி?"

"காலையிலேருந்து."

"குடல்வாலா இருக்குமோன்னு பாத்தேன். உனக்குத்தான் அதை ஏற்கெனவே எடுத்தாச்சே! வாயுவா இருக்கும். இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டு அப்படி உக்காரு. கூப்பிடுவாங்க."

அண்ணியின் பிறந்த தேதி, முகவரி, அண்ணனின் போன் நம்பர் எல்லாவற்றையும் அக்கா மனப்பாடம் செய்திருந்தாள். அண்ணியின் வயிற்றுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. சொல்ல அண்ணிக்கும் தோன்றவில்லை.

"அக்கா, உண்மைய சொல்லிடலாம்."

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். நம்மளோட சேர்ந்து அண்ணி அட்டையும் போயிடும். இத்தனை வருஷம் ஊமைக்கோட்டானா இருந்தேல்ல, இன்னைக்கும் இரு."

வீட்டில் எனக்கு அதுதான் பெயர்.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். விரலை வெட்டிக்கொண்டவர் போனார். மூக்கில் ரத்தம் வந்த குழந்தை போனது. அக்கா என் மணிக்கட்டை நெரித்தபடி இருந்தாள். திடீரென்று அவள் பிடி தளர்ந்தது.

"வலி விட்டுடுச்சுடி. மாத்திரை கேட்டுடுச்சு. வா, போலாம்."

அப்பாடா என்று எழப் போனேன். அவள் உதடு சாம்பல் பூத்திருந்தது. கை, தேய்ப்பு இயந்திரத்தின் மூடிபோலக் கொதித்தது. தண்ணீர் கிடைத்ததும் கொடுக்கலாம் என்று நான் வைத்திருந்த மாத்திரை இன்னும் என் உள்ளங்கையில்தான் இருந்தது.

டாக்டரின் அறைத் திரையை விலக்கினேன்.

"வரிசையில வாம்மா" என்றார் டாக்டரம்மா.

"அது அவங்க இல்ல."

"எது?"

"அட்டையில இருக்கறது எங்க அண்ணி. குடல்வால் எடுத்தது அவங்களுக்கு. எங்கக்காவுக்கு அது உள்ளதான் இருக்கு. வலி சட்டுனு நின்னுடுச்சுங்குறா. ஆனா உடம்பு கொதிக்குது."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வாசலில் இருந்த காவலாளி திரும்பிப் பார்த்தான்.

டாக்டர் ஓடி வந்தார். அக்காவின் வயிற்றைத் துணி விலக்கிப் பார்த்தார். தழும்பே இல்லை. அழுத்திவிட்டுக் கையை எடுத்ததும் அக்கா போட்ட கூச்சலில் கூடமே அடங்கிப்போனது.

"வெடிச்சிருக்கு. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லு, உடனே!"

காவலாளி போனை எடுத்துவிட்டான். "மேடம், உத்தரவு இருக்கு. நான் சொல்லியே ஆகணும்."

"சொல்லிக்கோ. இவங்க என் நோயாளி. நான் வீட்டுக்கு அனுப்புற வரைக்கும் யாரும் இவங்களத் தொட முடியாது. அதையும் சேர்த்துச் சொல்லு. இப்ப இந்த வண்டிய அந்தப் பக்கம் பிடிச்சுத் தள்ளு!"

தள்ளுவண்டியைத் தள்ள இரண்டு கையும் வேண்டும். அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

நர்ஸ் நோயாளியின் பேர் எழுதிக் கட்டும் கைப்பட்டையோடு கூடவே ஓடினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "பேரு? அவங்க சொந்தப் பேரு?"

சொன்னேன். தன் பெயரைக் கேட்டு அக்கா கண்ணைத் திறந்தாள்.

"சொல்லிட்டியா, பாவி" என்றாள். பிறகு, "உங்கண்ணிகிட்ட சொல்லு, வேற ஏதாவது அறுத்து எடுத்திருந்தா முன்கூட்டியே சொல்லச் சொல்லி."

கதவு சாத்திக்கொண்டது.

காவலாளி மட்டும் திரும்பி வந்தான். என் முன்னால் நின்று போனை வெளியே எடுத்தான்.

"உன் அட்டை எங்க? பேரென்ன? எங்க தங்கியிருக்க?"

நான் பெஞ்சில் உட்கார்ந்து கதவையே பார்த்தேன். அவன் மறுபடியும் கேட்டான். நான் ஊமைக்கோட்டான். அக்கா வெளியே வரட்டும்.