ஈரப் பந்து

ராதாகிருஷ்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனபோது, அந்த வீட்டின் ஓசை பெரிதாக ஒன்றும் குறைந்துவிடவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே லோரி ஓட்டியே வயதைக் கரைத்தவர் அவர். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, தூக்கம், தொலைக்காட்சி. அதிகம் பேசாத மனிதர். ஆனாலும், பேசாமல் இருப்பது வேறு, பேச முடியாமல் இருப்பது வேறு என்பது அவர் மனைவி பஞ்சவர்ணத்துக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'ம்ம்', வலிக்கிறதென்றாலும் 'ம்ம்'. வலது கை துணி மாதிரித் தொங்கியது.

பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையைப் பார்த்த மூன்றாவது மாடி வீடு. பிள்ளைகள் இல்லை. பிசியோதெரபி செய்ய அனுப்பிரியா வந்து போனாள். மதுரைக்காரி, வேலை பெர்மிட்டில் வந்த பெண்.

ஒருநாள் அவள் மூன்று ரப்பர் பந்துகளோடு வந்தாள்.

"நல்லா இருக்கிற கைக்கு வேலை குடுத்தா மூளை முழிச்சுக்கும் ஆன்ட்டி. அங்கிள், ஒண்ணே ஒண்ணைத் தூக்கிப் போட்டுப் பிடிங்க, பார்ப்போம்."

ராதாகிருஷ்ணன் பந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். மேலே போட்டார், பிடித்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, மடியில் கிடந்த இரண்டாவது பந்தை எடுத்தார். ஒன்று மேலே போகும்போது மற்றது கைக்கு வந்தது. இடது கை, லோரி ஓட்டிக் காய்ப்பேறிய கை, பூத்தொடுக்கிற பெண்ணின் கை போல லாகவமாக அசைந்தது. அவர் வாய் திறந்தது.

"பன்னிரு கை வேலவனாம், பத்துமலை ஏறினானாம், அம்மானை..."

பஞ்சவர்ணம் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தாள். அவர் பாட்டை நிறுத்தி, காதுகொடுத்துக் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்தார். பந்துகள் மட்டும் ஏறி இறங்கின. பிறகு மறுபடி பாடினார்.

"மிச்சமுள்ள கைகளெல்லாம் விழுவாரைப் பிடிப்பதற்காம், அம்மானை!"

"பேச்சு வராதவங்களுக்குப் பாட்டு வர்றது உண்டு ஆன்ட்டி, பயப்படாதீங்க," என்றாள் அனுப்பிரியா. ஆனால் அவள் கண்ணே அகன்றிருந்தது. "இது அம்மானை. பொம்பளைப் பிள்ளைங்க பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சுப் பாடுற ஆட்டம். ரொம்பப் பழசு. புலவருங்க இதைப் பார்த்துத்தான் சாமி மேல அம்மானைப் பாட்டே கட்டினாங்க. மூணு பேர் ஆடணும். முதல் ஆள் சாமியைப் பத்தி ஒண்ணு சொல்லுவா. ரெண்டாவது ஆள் அதை மடக்கிக் கேள்வி கேப்பா. மூணாவது ஆள் பதில் சொல்லணும்."

"இவரு ரெண்டுதான பாடினாரு?"

"அதான் ஆன்ட்டி. சொன்னாரு, பதிலும் சொன்னாரு. நடுவுல கேள்வியைக் காணோம்." அவள் பையை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அங்கிளுக்கு அக்கா தங்கச்சி உண்டா?"

"இல்லலா. ஒத்தப் பிள்ளை."

அப்படித்தான் கல்யாணத்தின்போது சொன்னார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பிற்பகல்தோறும், வெயில் கூடத்துத் தரையில் வந்து விழும் நேரத்தில், அவர் தானாகவே பந்துகளைக் கேட்டுக் கைநீட்டினார். பாடினார், நிறுத்தினார், பதில் சொன்னார். நாள் போகப் போக அந்த நிறுத்தம் நீண்டது. அந்த நேரத்தில் அவர் பார்ப்பது எதிரே இருந்த வெறும் நாற்காலியை அல்ல, அதற்கும் கொஞ்சம் மேலே, நிற்கிற ஒருவரின் முகம் இருக்கக்கூடிய உயரத்தை. ஒருநாள் மூன்றாவது பந்தும் மேலே இருந்தது. ஒற்றைக் கையால் மூன்றை எப்படி ஆடுகிறார் என்று பஞ்சவர்ணம் உற்றுப் பார்த்தாள். ஒரு பந்து மட்டும் நாற்காலிப் பக்கம் போனது. விழவில்லை. கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது.

ஆட்டம் முடிந்து பந்துகளைப் பொறுக்கினாள். இரண்டு காய்ந்திருந்தன. ஒன்று நனைந்திருந்தது. முகர்ந்தாள். பாசி நாற்றம்.

மறுநாள் அவள் அவரைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, ரயிலேறி, கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானுக்குப் போனாள். ராதாகிருஷ்ணனின் மாமன் மகன் பக்கிரிசாமி அங்கேதான் இருந்தார். அவரிடம் அம்மானை என்ற சொல்லைச் சொன்னதுமே, மென்றுகொண்டிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"யாரு சொன்னா தங்கச்சி?"

"அவரேதான் பாடுறாரு அண்ணே."

பக்கிரிசாமி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு அக்கா இருந்தாளுங்க அவனுக்கு. ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப மூணு பேரும் சேந்துதான் ஆடுவாங்க. பொம்பளப் பிள்ள ஆட்டம்னு நாங்க கேலி பண்ணுவோம், கேக்க மாட்டான். அன்னிக்குக் கெணத்தடியில ஆடியிருக்காங்க. இவன் பதில் தெரியாம முழிச்சிட்டு, பந்தை விட்டுட்டான். அது உள்ள விழுந்திருச்சு. ஒருத்தி எட்டிப் புடிக்கப் போனா. அவளப் புடிக்க இன்னொருத்தி. சின்னப் பய, என்னா செய்வான்? அதுக்கப்பறம் அத்தை அந்தப் பேச்சையே எடுக்க விடல. ஒத்தப் பிள்ளன்னே சொல்லி வளத்துட்டாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் பஞ்சவர்ணத்தின் கையில் பாசி நாற்றம் இருந்தது போலவே இருந்தது. பந்துகளைக் குப்பையில் போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

கதவைத் திறந்தபோது பக்கத்து வீட்டுக்காரி இல்லை. அடுப்பில் என்னமோ வைத்தது நினைவு வந்து போயிருந்தாள். ராதாகிருஷ்ணன் ஆடிக்கொண்டிருந்தார். வெயில் இருந்தது, ஆனால் கூடம் மரநிழல் போலக் குளிர்ந்திருந்தது. நாற்காலியைச் சுற்றித் தரையில் சின்னச் சின்ன ஈரத் தடங்கள். இந்த முறை தொடங்கியது அவர் குரல் அல்ல.

"மூணு பந்தில் ரெண்டு பந்து கெணத்துக்குள்ள, அம்மானை..."

பிள்ளைக் குரல். அது முடியுமுன், அதே குரல் கொஞ்சம் தடித்தது போல இன்னொரு குரல், சுவரோரமிருந்து:

"மூணாம் பந்து மேல நின்னா, ஆட்டம் எப்பத் தீரும்டா, அம்மானை?"

ராதாகிருஷ்ணன் வாயைத் திறந்தார். பதில் வரவில்லை. நெற்றியில் நரம்பு புடைத்தது, உதடு நீலம் பாரித்தது. கடைசிப் பந்து அவர் கையை விட்டு மேலே போனது. மின்விசிறி வரைக்கும் போய், கீழே வரவா வேண்டாமா என்று யோசிப்பது போல அங்கே நின்றது.

பஞ்சவர்ணத்துக்குப் பாட்டு வராது. கோயில் பஜனையில்கூட வாயசைப்பவள்தான். அந்த நிமிடம் அவள் பையை வீசிவிட்டு ஓடிப்போய், அவருக்கு முன்னால் நின்று, இரண்டு கையையும் ஏந்தினாள். பந்து விழுந்தது. கிணற்றுக் கல்லைப் போலக் கனத்தது, சில்லிட்டது.

"மேல போன பந்தை இந்தப் பஞ்சவர்ணம் புடிச்சிட்டேன்டி, அம்மானை!" என்று கத்தினாள்.

யாரோ சிரித்தார்கள். தோற்றவர்களின் சிரிப்பு அல்ல. நல்ல ஆட்டக்காரி கிடைத்த சிரிப்பு. பிறகு கீழே ரயில் போகும் ஓசை கேட்டது. ராதாகிருஷ்ணன் மூச்சை இழுத்து விட்டார்.

பந்துகளை அவள் அன்றைக்கே தூக்கி எறிந்தாள். அனுப்பிரியாவிடம் பஞ்சவர்ணம் ஒன்றும் சொல்லவில்லை. தீபாவளி வந்து போகும்போது அவருக்கு வார்த்தைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கின: தண்ணி, வலி, போதும். ஒரு காலை அவள் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பேரு... சொல்லிட்டியே."

"என்னா பேருங்க?"

"ஒன் பேரு. கேட்டுக்கிட்டே இருந்தாளுங்க. நா சொல்லல." அவர் கண்ணில் நீர் வழிந்தது. "நீ சொல்லிட்ட."

அவள் பொத்தானைப் போட்டு முடித்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே, பிற்பகலில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, மாடிப்படியிலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடக் கூப்பிடுகிற அதே இழுப்பு. "பஞ்சவர்ணம்... வர்றியா?"

குழாயை மூடினாள். உள்ளறையில் அவர் குறட்டை சீராகக் கேட்டது. கதவுக்கு அடியில் ஈரம் மெல்லப் பரவி உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் தரைத்துணியை எடுத்து ஈரத்தின் மேல் போட்டு, காலால் மிதித்தாள்.

"அவருக்குச் சோறு குடுக்கணும், துணி காயப்போடணும், வேல கெடக்குதுலா," என்றாள், பிள்ளைகளை அதட்டுகிற குரலில். "இப்ப முடியாது. நாளைக்கு வாங்க."

பிறகு, வெறுங்கால்கள் படியிறங்கும் சத்தம்.

மறுநாளும் வந்தார்கள். அவள் நாளைக்கு வரச் சொன்னாள்.