பதினான்காவது அழுகை

விடியற்காலை நாலரைக்கு நாங்கள் அழத் தொடங்குவோம். அதுதான் எங்கள் வேலை நேரம். ஆறரைக்கு மேல் பல்லேகல கைத்தொழில் வலயத்துக்கு லொறிகள் வரத் தொடங்கிவிடும். லொறிச் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்தால் துருக்கி நாட்டு மாளிகைக்குள்ளே கல் லொறி புகுந்த கதையாகிவிடும். ஆகவே ஊர் தூங்கும்போதே வெளிநாட்டுப் பெண்களின் துக்கத்தையெல்லாம் நாங்கள் தமிழில் அழுது முடித்துவிட வேண்டும். பக்கத்து விளையாட்டரங்கில் கிரிக்கெட் நடக்கும் நாளில் விடியுமுன்பே சத்தம் தொடங்கிவிடும்; அன்றைக்கு வேலையே இல்லை.

வெளிநாட்டு டிவி நாடகங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிற எங்கள் அறை, பழைய கிடங்கொன்றின் மேல்மாடி. சுவரெல்லாம் கிழிந்த மெத்தையும் முட்டைத் தட்டும் அடித்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது. மின்விசிறி ஓடினால் மைக் பிடித்துக்கொள்ளும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது காட்சி வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். முந்தியவளின் வியர்வை ஊறிய ஹெட்போனைத்தான் அடுத்தவள் காதில் மாட்ட வேண்டும். வெறும் வயிறு முனகினால் அதுவும் பதிவாகும் என்பதால் வரும்போதே ஆளுக்கொரு துண்டு பாண் தின்றுவிட்டு வருவோம். திரையில் ஒருத்தி வாய் திறப்பாள்; அவள் வாய் மூடுவதற்குள் நாங்கள் சொல்லி முடிக்க வேண்டும். வார்த்தை மிஞ்சினாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம்.

நாங்கள் ஆறு பெண்கள். கதாநாயகிக்கெல்லாம் ஷஹ்மா பேசுவாள். நான் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, பெயர் தர்ஷிகா. என் பேச்சில் தோட்டத்து வாடை அடிக்கிறதாம். அதனால் எனக்கு எப்போதும் வேலைக்காரி வேஷந்தான். துருக்கியானாலும் கொரியாவானாலும் வேலைக்காரி மட்டும் தெல்தெனியக்காரி மாதிரிப் பேசலாம் போலிருக்கிறது. மற்றவர்கள் எந்த ஊரிலும் எவரும் பேசாத ஒரு தமிழைப் பேச வேண்டும்.

ஐரினுக்குப் பேச்சே குறைவு. அவள் அழுவாள். மணப்பெண், விதவை, பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று யார் அழுதாலும் அது ஐரின்தான். கை ஒன்றைத் தொண்டையில் வைத்து, இடுப்பை மடித்து, அடிவயிற்றிலிருந்து எடுப்பாள். எடுத்து முடித்ததும் வெளியே வந்து கதிரையில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து பம்பை எடுத்து வாய்க்குள் அடித்துக்கொள்வாள். அவளுக்கு ஆஸ்துமா. நாலு பேருக்கு அழுதால் ஒரு பம்ப் செலவு என்று சொல்லிச் சிரிப்பாள். கண்டி மஹியாவவில் வீடு. புருஷன் ரொனி குட்ஷெட் பஸ் நிலையத்தில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். ஷெரோன் என்று ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை.

அன்றைக்கு ஒரு துருக்கி நாடகம். மகனின் பிணத்தைக் கண்டு தாய் அழுகிற காட்சி. முதலாளி மத்தியூ சேரும் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒலிப்பதிவு செய்கிற சுமன். ஐரின் அழுதாள். போதாது என்றார். மறுபடி அழுதாள். இன்னும் கொஞ்சம் உடைந்து வர வேண்டும் என்றார். பதின்மூன்று தடவை. பதின்மூன்றாவது முடிந்ததும் அவள் கையைத் தூக்கிக் கதவுக்கு வெளியே இருந்த பையைக் காட்டினாள். நாங்கள் ஐந்து பேரும் அவளுக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டிருந்தோம். மத்தியூ சேரின் குரல் எல்லோருடைய காதிலும் கேட்டது.

"இதை முடிச்சிட்டு எடுங்க, ஐரின். இப்பதான் சரியா வருது."

பதினான்காவது அழுகை வேறு மாதிரி வந்தது. மேலே ஏறி, நடுவில் முறிந்து, பிறகு சத்தமே இல்லாமல் காற்றை மட்டும் தேடியது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. எவ்வளவு நன்றாக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். யாரும் திறக்கவில்லை. அவள் விழுந்த பிறகுதான் விளக்கு அணைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு மத்தியூ சேர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார். ஐரினும் அவரும் ஒரே கோவிலுக்குப் போகிறவர்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் என்னைக் கலங்கடித்தது அவர் அழுகை அல்ல.

ஐரினின் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி ஓடி வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு, "இது கனவுன்னு யாராவது சொல்லுங்களேன்" என்று கதறினாள். அது போன மாதம் ஒரு இந்தி நாடகத்துக்கு ஷஹ்மா பேசிய வசனம். வார்த்தைக்கு வார்த்தை அதே. அடுத்து இன்னொருத்தி, "என்னைத் தனியா விட்டுட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது" என்றாள். அதுவும் எங்கள் அறையில் பேசியதுதான். பொய்யாக அழவில்லை அவர்கள். வயிறு எரிந்துதான் அழுதார்கள். எரிகிற வயிற்றுக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. தினம் மாலை மூன்று மணி நேரம் எங்கள் குரலைக் கேட்டுக் கேட்டு, சொந்தத் துக்கத்தையும் எங்களிடமே கடன் வாங்கி அழுகிறார்கள். என்ன வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஷஹ்மா என் கையைப் பிடித்திருந்தாள்.

அடக்கம் முடிந்த மறு வாரம் அந்தத் துருக்கி நாடகம் வந்தது. பதினான்காவது அழுகையைத்தான் போட்டிருந்தார்கள். அதோடு விட்டார்களா? ஒரு வாரம் கழித்து கொரிய நாடகத்தில் ஒரு விதவை அதே அழுகையை அழுதாள். பிறகு இந்தி மருமகள் ஒருத்தி. பிறகு காப்புறுதி விளம்பரம். ஏறுகிற இடம், முறிகிற இடம், காற்றைத் தேடுகிற இடம், எல்லாம் அதே. கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் வெட்டி ஒட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொனியைப் பார்க்கப் போனேன். டிவியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான். மூடி என்ன பயன்? வரிசையாக ஒட்டிய வீடுகள். மாலை ஏழரை ஆனதும் இரண்டு பக்கத்துச் சுவரிலிருந்தும் ஐரின் அழுதாள். ஷெரோன் சுவரோரம் போய் நின்றாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஆன்ட்டி, அம்மா செத்துப் போயிட்டாங்கதானே? பிறகு ஏன் இன்னும் அழுறாங்க? யாரு அவங்கள அழ வைக்கிறாங்க?"

செத்தவளுக்கும் ஓய்வில்லாத ஒரு வேலையை நான் அதற்கு முன் கண்டதில்லை. ரொனி தலையைக் குனிந்தபடி, பிள்ளை தூங்குவதே இல்லை என்றும் வீடு மாறினாலும் அங்கேயும் டிவி இருக்குமே என்றும் சொன்னான். அந்த அழுகையை நிறுத்தாமல் இனி அந்த அறைக்குள் வாய் திறப்பதில்லை என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன். மறுநாள் மற்ற நால்வரிடமும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, எல்லோருடைய வீட்டிலும் டிவி இருக்கிறது.

நாங்கள் பேசப் போன அன்றைக்கே மத்தியூ சேர் எங்களுக்காக ஒப்பந்தக் கடதாசி தயாராக வைத்திருந்தார். ஆளுக்கு ஆயிரம் வாக்கியம் வாசித்துக் கொடுக்க வேண்டும். பிறகு எங்கள் குரலில் கணினியே பேசிக்கொள்ளும். நாங்கள் விடியற்காலையில் எழும்பி வந்து கஷ்டப்படத் தேவையில்லை என்றார். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு இரக்கம்.

"அந்தப் பேச்சு பிறகு பேசுவோம், சேர்" என்றேன். "மொதல்ல ஐரினோட அந்த அழுகைய அழிச்சிருங்க. அவ புள்ள தூங்க மாட்டேங்குது."

"அழிக்கிறதா? எவ்வளவு பாடுபட்டுக் குடுத்தது அது. அது கலை, தர்ஷிகா. கலைக்குச் சாவு இல்ல."

"கலைக்கு இல்ல, சேர். ஐரினுக்கு இருந்துச்சு."

அவர் முகம் சிவந்தது. ஷஹ்மா முன்னால் வந்தாள். கதாநாயகிக் குரலை விட்டுவிட்டு வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"அது அழுகையில்ல, சேர். மூச்சு எடுக்க ஏலாம அவ துடிச்ச சத்தம். அவ கைய தூக்கினா. நீங்க பாத்துட்டுத்தான் ஈந்தீங்க."

மத்தியூ சேர் கடதாசிகளை அடுக்கினார். இந்த அறைக்குள் எழுகிற சத்தம் எல்லாம் கம்பனிக்குச் சொந்தம், வேலைக்குச் சேரும்போதே கையெழுத்துப் போட்டுத்தானே வந்தீர்கள் என்றார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"விருப்பமில்லாதவங்க போகலாம். இந்த நாட்டுல அழத் தெரிஞ்ச பொம்பளைகளுக்கா பஞ்சம்?"

நாங்கள் கடதாசியைத் தொடவில்லை. படியிறங்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சுமன் வந்துகொண்டிருந்தான். அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஆள். எங்களோடு சேர்ந்து தேநீர்கூடக் குடித்ததில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, அன்றைக்குத் தானே நிறுத்தியிருக்க வேண்டும், கை பொத்தானில்தான் இருந்தது என்றான். அழுகையைத் தான் அழித்தாலும் பயனில்லை, பிரதி கொழும்பு டிவி நிலையத்துக்குப் போய்விட்டது, முதலாளி சொன்னால்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னான். அப்படியென்றால் அவரைச் சொல்ல வைப்போம் என்றாள் ஷஹ்மா. ஐரினின் அழுகை அழிய வேண்டும். ஒருத்தி கையைத் தூக்கினால் விளக்கு எரிந்தாலும் கதவு திறக்க வேண்டும். குரலை எழுதி வாங்கும் கடதாசி கிழிய வேண்டும். அந்தப் படியிலேயே பேசி முடித்தோம்.

மறுநாள் நாலரைக்குச் சுமனோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர் கேட்டுக்கு வெளியே நின்றோம். ரொனி தன் வண்டியைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு எங்களோடு வந்து நின்றான். பனி கொட்டியது. நாங்கள் பேசாமல் நின்றதில் அந்தத் தெருவே கூடுதலாக அடங்கிப் போன மாதிரி இருந்தது.

ஐந்து மணிக்குத் தெல்தெனிய பஸ்ஸில் நாலு பெண்கள் வந்து இறங்கினார்கள். மத்தியூ சேர் நேற்றே தொலைபேசியில் வரச் சொன்ன புதியவர்கள். எல்லோரும் என் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள்தான். நான் போய் எங்கள் பேச்சிலேயே விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி காது கொடுக்காமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியாது. மற்ற மூவரும் தயங்கி நின்றார்கள். அதில் ஜெஸ்மின் என்கிறவளுக்குப் பத்தொன்பது வயது இருக்கும்.

"எந்த அழுகை அக்கா?" என்று கேட்டாள். "மேல போயி, உடைஞ்சு, பிறகு சத்தமே இல்லாம வருமே, அதா?"

அதுதான் என்றேன். அவள் முகம் வெளுத்துப் போனது.

"அத டிவில கேட்டுக் கேட்டுத்தான் நான் பழகினேன். போன்ல அழுது காட்டச் சொன்னாரு. அப்படியே அழுதேன். ஆயிரத்துல ஒருத்தின்னு சொல்லி என்னய எடுத்தாரு." கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "சாகிறப்ப வந்த சத்தமா அது? எனக்கு வேற மாதிரி அழத் தெரியாது, அக்கா."

அவள் தோளில் கை வைத்தேன். அதற்குள் மத்தியூ சேரின் கார் வந்துவிட்டது. ஹோர்ன் அடித்தார். ரொனி வண்டியை எடுக்கவில்லை. மத்தியூ சேர் கண்ணாடியை இறக்கி, எங்களைத் தாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஜெஸ்மின்தானே? இவங்க பேச்சக் கேக்காதீங்க. உள்ள வாங்க, மகள்."

அவள் என் கையை எடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கார் ஜன்னலுக்கு எதிரே போய் நின்றாள். அழுகையும் இல்லை, கத்தலும் இல்லை. எந்த நாடகத்திலும் நான் கேட்டிராத குரல் அது.

"நீங்க கதவ தொறந்திருக்கணும், சேர்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இன்று மாலை ஏழரைக்கும் மஹியாவச் சுவர்களுக்குள் ஐரின் அழத்தான் போகிறாள். நாளைக்கும் அழலாம். ஜெஸ்மின் திரும்பி வந்து எங்களுக்கு நடுவில் இடம் பார்த்து நின்றாள். மற்ற இருவரும் அவளுக்குப் பக்கத்தில் வந்தார்கள். முதல் லொறி மேட்டில் ஏறி வரும் சத்தம் கேட்டது. சுமன் எங்களோடு நின்றான்; உள்ளே சிவப்பு விளக்கு எரிய வழியில்லை. நாங்கள் பத்துப் பேர் நின்றோம்.